முதல் கோப்பைக்கு முன்பே வீடு திரும்பும் வழி: இளைஞர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் திட்டத்தை நடத்துவது எப்படி?

ஒரு கல்லூரியிலோ இளைஞர் மன்றத்திலோ இப்படி ஒரு திட்டம் தொடங்கினால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு நாள் பேரணி. வாசலில் நொறுங்கிய வண்டி ஒன்று. காவல் அதிகாரி ஒருவரின் பேச்சு, கை நீட்டி உறுதிமொழி, குழுப் படம். உறுதிமொழி எடுத்தவர்களில் சிலர் அந்த வாரக் கடைசியிலேயே குடித்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். உறுதிமொழி எடுத்தபோது அவர்கள் மனசார எடுத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அது காலை 11 மணி. சாவியைக் கையில் எடுத்ததோ இரவு ஒன்றரை மணி. மது முதலில் மழுங்கடிப்பது கையையோ காலையோ அல்ல, "நம்மால் முடியுமா" என்று தன்னையே எடைபோடும் திறனை. காலில் தள்ளாட்டம் வருவதற்கு வெகுநேரம் முன்பே அந்தத் திறன் போய்விடுகிறது. போதையில் இருப்பவரிடம் "உன்னால் ஓட்ட முடியுமா" என்று கேட்பது, பழுதான தராசிடமே அதன் எடையைக் கேட்பது போல.

அதனால் இந்த வழிகாட்டியில் வரும் வேலைகள் எல்லாமே ஒரே இலக்கை நோக்கியவை: யார் எப்படி வீடு திரும்புவது என்ற முடிவு முதல் கோப்பைக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் யாரும் யோசிக்கத் தேவையில்லாதபடி வழி தயாராக இருக்க வேண்டும். சுவரொட்டியும் பேச்சும் இதற்குத் துணை மட்டும்தான்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

திட்டம் வேலை செய்ததா என்று பிறகு தெரிய வேண்டுமானால், தொடங்கும் முன்பே ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். பெயர் கேட்காத, ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு படிவம் போதும். அதில் இந்த இரண்டு கேள்விகளும் கட்டாயம்:

"கடந்த 30 நாட்களில், மது குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வண்டி ஓட்டினீர்கள்?"

"கடந்த 30 நாட்களில், மது குடித்திருந்த ஒருவர் ஓட்டிய வண்டியில் எத்தனை முறை ஏறினீர்கள்?"

"குடிபோதையில் ஓட்டினீர்களா" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்பார்கள். தனக்குப் போதை ஏறியது என்று நினைப்பவர் குறைவு. செயலையும் நேரத்தையும் கேளுங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் குடிக்கவே குடிக்காத பலர் இந்தப் பிரச்சினைக்குள் மாட்டுவது அந்த வழியில்தான். இரவில் திரும்ப வேறு வழி இல்லாததால், குடித்திருக்கிறார் என்று தெரிந்தே பின்னால் ஏறி உட்காருகிறார்கள்.

சுமார் 300 பேர் பதில் தந்தால், கிடைக்கும் சதவீதம் உண்மையைவிட ஆறு புள்ளி அளவுக்கு மேலோ கீழோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பேரிடம் கேட்டுவிட்டு "பாதியாகக் குறைந்தது" என்று அறிவிக்க முடியாது. விபத்து எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரே ஒரு கல்லூரி அளவில் அது அவ்வளவு சிறிய எண் என்பதால், ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது வெறும் தற்செயலாகவே இருக்கும்.

கணக்கெடுப்போடு சேர்த்து ஒரு வரைபடமும் வேண்டும். எங்கே குடிக்கிறார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கலைகிறார்கள், அங்கிருந்து தங்குமிடத்துக்கு எவ்வளவு தூரம், அந்த நேரத்தில் பொதுப் போக்குவரத்து உண்டா? விடுதி மாணவர்கள் நான்கைந்து பேரோடு அரைமணி உட்கார்ந்தால் இது கிடைத்துவிடும். கடைசிப் பேருந்து 10 மணிக்கு, கூட்டம் கலைவது 12 மணிக்கு என்றால், உங்கள் பிரச்சினை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

வகுப்பில் சொல்லவேண்டிய கணக்கு

ஒரே ஒரு மணி நேர வகுப்புக்குத்தான் வாய்ப்பு என்றால், ஒழுக்கப் பாடம் வேண்டாம். கணக்குப் போடுங்கள். இளைஞர்கள் ஏமாறுவது கணக்கில்தான்.

ஒரு பானத்தில் எத்தனை கிராம் ஆல்கஹால் என்று கண்டுபிடிக்க: மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்க வேண்டும். 40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லி என்றால் ஏறக்குறைய 32 கிராம். "பீர்தானே" என்ற பேச்சு இந்த மூன்றாவது எண்ணோடு முடிந்துபோகும். கரும்பலகையில் அவர்களையே போடவிடுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்களே கண்டுபிடித்தது மனசில் நிற்கும்.

அடுத்தது, உடலை விட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது? சராசரியாக மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவு குறைகிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் 10 மணிக்குத் தொடங்கி மூன்று 60 மில்லி விஸ்கி குடிக்கிறார். மொத்தம் 57 கிராம். எல்லாமே ரத்தத்தில் சேர்ந்ததாக வைத்துக்கொண்டால் 100 மில்லிக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம். அது முழுதும் வெளியேற ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 7 மணிக்கு வகுப்புக்கு வண்டி எடுக்கும்போதும் அவர் உடலில் மது மிச்சம் இருக்கிறது. அதே எடையுள்ள பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அளவு 170-ஐத் தாண்டும், வெளியேற பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவை சராசரிக் கணக்கு மட்டுமே. "கணக்குப்படி எனக்கு இறங்கிவிட்டது, இனி ஓட்டலாம்" என்று யாரும் இதைத் திருப்பிப் பயன்படுத்தக் கூடாது. இதை வகுப்பிலேயே அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள்.

காப்பி, குளிர்ந்த நீரில் குளியல், வாந்தி, ஓட்டம், எலுமிச்சை: எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி குடித்தால் தூக்கம் கலையும், போதை கலையாது. விழித்துக்கொண்ட போதை ஆசாமி கிடைப்பார், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறும் வேகம் குறையும், உச்ச அளவும் கொஞ்சம் குறையும். அதனால் ஓட்டத் தகுதி வந்துவிடாது.

உலக சுகாதார அமைப்பு பொதுவான ஓட்டுநர்களுக்கு 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாத வரம்பையும், இளையோருக்கும் புதிதாக உரிமம் பெற்றோருக்கும் 20-க்கு மேற்படாத வரம்பையும் பரிந்துரைக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஒரே அளவு மது உடலில் இருந்தாலும் இளம் ஓட்டுநருக்கு விபத்து அபாயம் அதிகம். ஓட்டும் பழக்கமும் குடிக்கும் பழக்கமும் இரண்டுமே புதிது, கூடவே இரவு நேரம், பின்னால் நண்பர்கள். இரு சக்கர வண்டி என்றால் சமநிலை வேறு சேர்ந்துகொள்கிறது. காரில் தடுமாறினால் வண்டி கோணலாகப் போகும், பைக்கில் தடுமாறினால் விழ வேண்டியதுதான்.

அன்றைய டிரைவர்

குழுவில் ஒருவர் குடிக்காமல் இருந்து மற்றவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பழைய யோசனை. 1988-இல் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் வழியாக இதைப் பெரிய அளவில் பரப்பியது. யோசனை நல்லது. நடைமுறையில் அது கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான்: கூட்டம் கலையும்போது "யார் குறைவாகக் குடித்தது" என்று பார்த்து அவரிடம் சாவியைக் கொடுப்பார்கள். 2013-இல் வெளியான புளோரிடா ஆய்வு ஒன்றில், மதுக்கூடங்களிலிருந்து வெளியே வந்தவர்களை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். "இன்று நான்தான் டிரைவர்" என்று சொன்னவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடித்திருந்தார்கள்.

ஆகவே விதி எளிமையாகவும் கறாராகவும் இருக்கட்டும். அன்றைய டிரைவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. "ஒன்றே ஒன்று" என்று தளர்த்தினால் அந்த ஒன்று எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கிளம்பும் முன்பே, குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் பெயரை எழுதிவிட வேண்டும். எழுதியதைப் பிறகு மாற்றுவது கடினம், வாயால் சொன்னதை மாற்றுவது எளிது. எல்லோருடைய சாவியும் அந்த நிமிடமே அவரிடம் போக வேண்டும். முறை வைத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் குடிக்காத நண்பர் ஒருவரே எப்போதும் வேலைக்காரர் ஆகிவிடுவார், மூன்றாவது முறை அவர் வரவே மாட்டார்.

அவருக்கு அன்றைய சாப்பாட்டுச் செலவையும் எரிபொருளையும் குழு ஏற்றுக்கொள்ளட்டும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அவருக்கு மது இல்லாத பானங்களை இலவசமாகத் தரலாம். கையில் வெறும் தண்ணீர்க் குவளையோடு நிற்பவரிடம் "ஏன் குடிக்கலை" என்று நான்கு பேர் கேட்பார்கள். கையில் "இன்றைய டிரைவர்" என்று காட்டும் ஒரு பட்டை கட்டியிருந்தால் கேள்வியே வராது.

இரு சக்கர வண்டியில் வருபவர்களுக்கு இந்த முறை பாதிதான் உதவும். ஒரு டிரைவரால் ஒருவரை மட்டுமே ஏற்ற முடியும், எல்லோர் வண்டியும் அங்கேயே நின்றுவிடும். அதனால் அப்படிப்பட்ட இடங்களில் வண்டியை எடுத்து வராமலே வருவதுதான் தீர்வு. போகும்போதே பேருந்திலோ வாடகை வண்டியிலோ போனவருக்குத் திரும்பும்போது எடுக்க வண்டியே இருக்காது. திட்டத்தின் ஆற்றலில் பெரும்பங்கை இங்கே செலவிடுங்கள்.

இரவு வண்டி ஏற்பாடு

பெரிய நிகழ்ச்சிகளுக்கும் வாரக் கடைசி இரவுகளுக்கும் அமைப்பே வண்டி விடலாம். ஓட்டுநரையும் உடன் வரும் தன்னார்வலரையும் தவிர நான்கு பேர் ஏறும் கார், போய்த் திரும்ப 40 நிமிடம் என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் மூன்று நடை, 12 பேர். 36 பேருக்கு மூன்று கார் என்று காகிதத்தில் சரியாக வரும். இரவில் வராது. காரணம், யாரும் இரண்டு மணி நேரத்துக்குப் பரவலாகக் கிளம்புவதில்லை. கடைசிப் பாட்டு முடிந்த அரைமணியில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். அந்த அரைமணியில் ஒரு கார் ஒரு நடைதான் போக முடியும், மூன்று காருக்கு 12 பேர்தான். மீதி 24 பேரும் காத்திருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் அவர்களில் சிலர் "விடு, நானே போறேன்" என்று தன் வண்டிக்குப் போய்விடுவார்கள். உச்ச நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் ஒரே ஒரு பெரிய வேன் அல்லது பேருந்தை, அறிவித்த நேரங்களில், முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஓட்டுங்கள். காத்திருக்கும் இடத்தில் உட்கார நாற்காலி, வெளிச்சம், தண்ணீர் வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் காத்திருப்பை அதுதான் தாங்க வைக்கும்.

தன்னார்வ ஓட்டுநர்களைச் சேர்க்கும்போது பார்க்கவேண்டியவை: செல்லுபடியாகும் உரிமம், வண்டிக்கான காப்பீடு பயணிகளையும் உள்ளடக்குகிறதா, கடந்த காலத்தில் போக்குவரத்துத் தண்டனை உண்டா. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநருடன் இன்னொருவர். பெண்கள் ஏறும் வண்டியில் அந்த இருவரில் ஒருவராவது பெண். ஏறியவர் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஒரு நோட்டு. இறங்கியவர் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை வண்டி நகரக் கூடாது. இந்தப் பெயர்ப்பட்டியல் நிர்வாகத்துக்கோ பெற்றோருக்கோ போகாது என்று முன்பே எழுதிக் கொடுங்கள். ஒரு முறை போய்விட்டது என்று தெரிந்தாலே போதும், அடுத்த வாரம் வண்டி காலியாக ஓடும்.

ஓட்டுநரின் தூக்கத்தை மறக்காதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். காலை 7 மணிக்கு எழுந்தவருக்கு அந்த நிலை நள்ளிரவு 12 மணிக்கே வந்துவிடுகிறது. குடிக்காதவர் என்பதற்காக அவரை நாலு மணி வரை ஓட்ட வைத்தால், ஒரு ஆபத்தை எடுத்து இன்னொன்றை வைத்ததாகும். அன்று மதியம் தூங்கியிருக்க வேண்டும், நடுவில் ஆள் மாற்ற வேண்டும்.

வண்டியில் ஏறுபவர்களில் சிலர் போதையைத் தாண்டி மது நஞ்சேறிய நிலையில் இருப்பார்கள். தட்டினாலும் விழிக்காதவர், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுபவர், இரு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி உள்ளவர், தோல் குளிர்ந்து நீலம் பாரித்தவர்: இவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உடனே அவசர மருத்துவ உதவியை அழைத்து, அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். "தூங்கட்டும், காலையில் சரியாகும்" என்று அறையில் தனியாக விட்டுவிட்டுப் போவதால்தான் வாந்தி மூச்சுக்குழாயில் போய் இறப்பு நேர்கிறது. இந்தப் பயிற்சி இல்லாத தன்னார்வலரை வண்டியில் ஏற்றாதீர்கள்.

சாவியைக் கேட்பது எப்படி?

எத்தனை ஏற்பாடு செய்தாலும், யாராவது ஒருவர் சாவியோடு வண்டியை நோக்கிப் போவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நடித்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். வகுப்பில் கேட்டதெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துவிடும், வாயில் வருவது பழகிய வாசகம் மட்டுமே.

கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூடாது. பத்து பேர் பார்க்கும்போது விட்டுக்கொடுத்தால் அவமானம் என்று நினைப்பார். ஓரமாக அழைத்து, அவர் மதிக்கும் ஒருவர் பேச வேண்டும். ஒருவரோ இருவரோ போதும், ஐந்து பேர் சூழ்ந்தால் சண்டை. "நீ குடிச்சிருக்க" என்று தொடங்கினால் "இல்லை" என்ற பதிலோடு வாதம் ஆரம்பிக்கும். "மச்சான், வண்டி வெளியே நிக்குது, நானும் அந்தப் பக்கம்தான் போறேன், வா சேர்ந்து போவோம்" என்று தொடங்கினால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. "உன் வண்டியை நாளைக் காலையில் நானே கொண்டுவந்து விடுறேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் பிடிவாதம் பிடிப்பது வண்டியை அங்கே விட்டுப்போக மனமில்லாமல்தான், ஓட்டும் ஆசையில் அல்ல. அதனால் நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் வண்டிகளை மறுநாள் நண்பகல்வரை நிறுத்திவைக்க அனுமதி வாங்கி, காவலாளிக்குச் சொல்லி வைத்திருப்பது இந்தத் திட்டத்தின் மிக மலிவான, மிகப் பயனுள்ள ஏற்பாடு.

அப்படியும் கேட்காவிட்டால் நேரத்தை இழுங்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள், கைப்பேசியைத் தேடச் சொல்லுங்கள், சாவியைக் "கொஞ்சம் பிடிக்கிறேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள். கைகலப்பு வேண்டாம், வண்டியின் முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். எதுவும் பலிக்கவில்லை, அவர் வண்டியை எடுத்துவிட்டார் என்றால் காவல் துறையை அழைத்து வண்டி எண்ணையும் போகும் திசையையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது வகுப்பில் முணுமுணுப்பு எழும், காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும். எதிரே வரப்போகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் அப்போது சொல்லுங்கள், விவாதத்தை அவர்களே முடிப்பார்கள்.

வீட்டோடு ஓர் ஒப்பந்தம்

இன்னும் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய தடை பயம்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, குடித்த நண்பன் வண்டியிலேயே ஏறிவிடுவார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்த்து 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாணவர் அமைப்பான எஸ்ஏடிடி (SADD) இதற்கு ஒரு ஒப்பந்தத்தை உருவாக்கியது: எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும், பிள்ளை அழைத்தால் பெற்றோர் வந்து அழைத்துப் போவார்கள், அன்றிரவு கேள்வி கேட்க மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதை முன்வைத்தால் "குடிக்க லைசென்ஸ் கொடுக்கச் சொல்றீங்களா" என்ற கேள்வி நிச்சயம். பதில்: கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை, அன்றிரவு கூடாது என்கிறோம். மறுநாள் மதியம் உட்கார்ந்து பேசலாம், கண்டிக்கலாம். சட்டப்படி மது வாங்கும் வயதே வராத பிள்ளையிடம் "குடிக்காதே" என்று சொல்வதை இது மாற்றாது. ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பெற்றோருக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்: நாங்களும் குடித்துவிட்டு வண்டி எடுக்க மாட்டோம். அந்த வரியில் கையெழுத்திடத் தயங்கும் பெற்றோர் இருக்கும் வீட்டில் மற்ற வரிகளுக்கு மதிப்பு இல்லை. அழைக்கும் பிள்ளைக்கு ஒரு குறிச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் முன்னால் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லக் கூச்சப்படுபவர், அந்தச் சொல்லைச் செய்தியில் அனுப்பினால் வீட்டிலிருந்து "அவசரம், உடனே வா" என்று அழைப்பு வரும்.

எது பலிக்காது?

ரத்தமும் சிதைந்த உடலும் காட்டும் படங்கள் அரங்கத்தில் அமைதியை உண்டாக்கும், அதை வெற்றி என்று நினைத்துவிடுவது எளிது. வெறும் பயம், என்ன செய்ய வேண்டும் என்ற வழியில்லாமல் வந்தால், கேட்பவர் அதை ஒதுக்கிவைக்கிறார். "அது வேற ஆளுக்கு நடந்தது." பயத்தைக் காட்டியே ஆக வேண்டுமானால், அதே பத்து நிமிடத்துக்குள் இரவு வண்டியை அழைக்கும் தொலைபேசி எண், வீட்டு ஒப்பந்தம், சாவிகளை ஒப்படைக்கும் பெட்டி என்று கையில் பிடிக்க ஏதாவது கொடுங்கள். போதைக் கண்ணாடி எனப்படும் பார்வையைக் குழப்பும் கண்ணாடிகளும் இப்படித்தான். மாணவர்கள் சிரித்துக்கொண்டே கோட்டில் நடப்பார்கள், நல்ல கூட்டம் சேரும். ஆனால் அந்தக் கண்ணாடி பார்வையை மட்டும்தான் கெடுக்கிறது. அதைப் போட்டவருக்குத் தன்னால் நடக்க முடியவில்லை என்று தெளிவாகத் தெரியும். குடித்தவருக்கு அது தெரியாது. பாடமே தலைகீழாகப் போய்விடுகிறது.

பள்ளி வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க வல்லுநர் குழு, அவை குடித்தவரின் வண்டியில் ஏறுவதைக் குறைப்பதற்குப் போதிய சான்று இருப்பதாகவும், குடித்துவிட்டுத் தானே ஓட்டுவதைக் குறைப்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றும் முடிவுக்கு வந்தது. நடைமுறையில் இதற்குப் பொருள்: வகுப்பில் இருக்கும் நேரத்தில் பாதியைப் பயணிக்குக் கொடுங்கள். மறுப்பது எப்படி, இறங்கிக்கொள்வது எப்படி, வேறு வழி தேடுவது எப்படி.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்ற எண்ணமும் ஒரு எதிரி. கணக்கெடுப்பில் "உங்கள் கல்லூரியில் எத்தனை சதவீதம் பேர் குடித்துவிட்டு ஓட்டுவதாக நினைக்கிறீர்கள்" என்றும் கேட்டுப் பாருங்கள். நினைக்கும் எண், உண்மை எண்ணைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 2002–03-இல் அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் 21 முதல் 34 வயதினரை நோக்கி நடந்த பிரச்சாரம் இதைத்தான் பயன்படுத்தியது: பெரும்பாலோர் குடித்துவிட்டு ஓட்டுவதில்லை என்ற உண்மையையே விளம்பரம் ஆக்கினார்கள், குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொன்னவர்கள் குறைந்தார்கள். ஒரு நிபந்தனை உண்டு. சுவரொட்டியில் போடும் எண் உங்கள் கணக்கெடுப்பில் வந்த உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். கூட்டிப் போட்டால் விடுதி அறையிலேயே சிரிப்பார்கள்.

ஊதும் கருவி

மூச்சில் உள்ள மதுவை அளக்கும் கருவிகளில் விலை குறைந்தவற்றில் இருப்பது பெரும்பாலும் குறைகடத்தி (செமிகண்டக்டர்) உணரி. அது ஆல்கஹாலை மட்டுமல்லாமல் வேறு சில ஆவிகளையும் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் அளவு தவறும். வாங்குவதானால் எரிபொருள் மின்கல (ஃபியூவல் செல்) உணரி கொண்டதை வாங்கி, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். கடைசி மிடறுக்கும் ஊதுவதற்கும் இடையே 15 நிமிடமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் தங்கிய மதுவே பெரிய எண்ணாகக் காட்டும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல்.

கருவியை யாருக்குப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நிகழ்ச்சி வாசலில் எல்லோரையும் ஊதச் சொன்னால் இரண்டு நடக்கும். முதலாவது, யார் எண் பெரிசு என்று போட்டி. இரண்டாவது, எண் வரம்புக்குக் கீழே வந்தவர் "பார், நான் ஓட்டலாம்" என்று கிளம்புவது. கடைசிக் கோப்பைக்குப் பிறகும் அரைமணி முதல் ஒன்றரை மணிவரை அளவு ஏறிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் அன்றைய டிரைவர்களையும் தன்னார்வ ஓட்டுநர்களையும் மட்டும் ஊதச் சொல்லுங்கள். பூஜ்யம் வர வேண்டும், பூஜ்யம் தவிர வேறு எதுவும் ஏற்கப்படாது.

திரும்பத் திரும்பச் செய்பவர்

எந்தக் குழுவிலும் சிலர் எல்லா ஏற்பாட்டையும் தாண்டிப் போவார்கள். அவர்களுக்குப் பேரணி பயன்படாது, ஒருவரோடு ஒருவர் பேசுவதே பயன்படும். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் இதற்கு உதவும். எட்டு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் குடிப்பழக்கம் ஆபத்தான எல்லைக்குள் வந்துவிட்டது என்று பொருள், பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். அந்தப் பேச்சு உபதேசமாக இருக்கக் கூடாது. "வண்டி உனக்கு எவ்வளவு முக்கியம், உரிமம் போனால் என்ன ஆகும், அடுத்த முறை என்ன செய்யலாம்" என்று அவர் வாயிலிருந்தே காரணத்தை வரவழைக்க வேண்டும். குடியால் நேர்ந்த சம்பவத்துக்காக மருத்துவமனைக்கு வந்த 18–19 வயதினரிடம் அங்கேயே இப்படி ஒரு சிறு உரையாடல் நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆறு மாதம் கழித்து அவர்களிடையே குடித்துவிட்டு ஓட்டுவது குறைந்திருந்தது. அடிபட்டு வந்த நாள் மனம் திறந்திருக்கும் நாள். உங்கள் பகுதி மருத்துவமனையின் அவசரப் பிரிவோடு பேசி வைப்பது வீண் போகாது.

காவல் துறையும் நிர்வாகமும்

சோதனை இருக்கும் என்ற நம்பிக்கை, தண்டனையின் கடுமையைவிட அதிகம் தடுக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைப் பெரும் விளம்பரத்தோடு தொடங்கியபோது சாலை இறப்புகள் சட்டென்று குறைந்தன. ஆகவே உள்ளூர்க் காவல் துறையிடம் பேச்சாளரைக் கேட்பதைவிட, கூட்டம் கலையும் நேரத்தில், நீங்கள் வரைந்த வரைபடத்தில் உள்ள சாலைகளில் சோதனை கேளுங்கள். சோதனை நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள், இடத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஜப்பான் 2007-இல் சட்டத்தைத் திருத்தி, குடித்தவருக்கு வண்டி கொடுத்தவர், மது கொடுத்தவர், தெரிந்தே உடன் பயணித்தவர் என எல்லோரையும் தண்டனைக்குள் கொண்டுவந்தது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, அபராதம், சிறை, உரிம ரத்து, காப்பீடு மறுப்பு ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிடுங்கள். காப்பீட்டைப் பற்றிய வரியைத்தான் பலர் இரண்டாம் முறை படிப்பார்கள்.

நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கவேண்டியது ஒன்று உண்டு: உதவிக்கு அழைத்தவர் மீதும், அழைத்துவந்தவர் மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்ற உறுதி. விடுதி வாசலில் மணி பத்துக்குக் கதவடைத்து, தாமதமாக வந்தால் தண்டனை என்ற விதி இருந்தால், பிள்ளைகள் அந்த நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று வேகமாக ஓட்டுவார்கள், அல்லது விடியும்வரை வெளியே இருப்பார்கள். அந்த விதிக்கு ஒரு விலக்கு கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு முடிவில்

அதே படிவத்தை, அதே மாதத்தில் கொடுங்கள். விழாக்காலத்தில் எடுத்த எண்ணையும் தேர்வுக்காலத்தில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால் தேர்வுதான் ஜெயிக்கும். வண்டியில் ஏறியவர் எண்ணிக்கை, காத்திருந்த சராசரி நேரம், காலையில் திரும்ப எடுக்கப்பட்ட வண்டிகள், ஒப்பந்தப்படி வீட்டுக்கு வந்த அழைப்புகள் என்று இன்னும் நான்கு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறியவர் கூடியும், குடித்துவிட்டு ஓட்டியவர் குறையாமலும் இருந்தால், நீங்கள் ஏற்றியவர்கள் எப்படியும் ஓட்டியிருக்க மாட்டாதவர்கள் என்று அர்த்தம். அடுத்த ஆண்டு வண்டியின் நேரத்தையோ புறப்படும் இடத்தையோ மாற்ற வேண்டும்.

மாணவர் திட்டங்கள் சாவது பெரும்பாலும் நடத்தியவர்கள் படித்து முடித்துப் போவதால். பொறுப்பாளர்களில் பாதிப் பேராவது கடைசி ஆண்டுக்கு முந்தைய வகுப்பினராக இருக்கட்டும். படிவங்கள், ஓட்டுநர் பட்டியல், காவல் நிலையம், மருத்துவமனை, வண்டிக்காரர் ஆகியோரின் தொடர்புகள், சட்டத் தாள் எல்லாம் ஒரே கோப்பில், நிரந்தர ஊழியர் ஒருவரிடம் ஒரு நகலோடு இருக்க வேண்டும். புதியவர்கள் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, சும்மா ஓர் இரவில், இரவு வண்டிக்கான தொலைபேசி எண்ணை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது எடுக்கிறார்களா என்று தெரியும்.